தேடல் முடிவைத் தட்டினால் என்னென்ன பதிவாகிறது: பார்க்க, அழிக்க, குறைக்க ஒரு வழிகாட்டி

கூகுளில் எதையாவது தேடி, வந்த முடிவுகளில் மூன்றாவதைத் தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தட்டல் அந்தத் தளத்துக்கு மட்டும் தெரிகிற விஷயம் இல்லை. நீங்கள் எந்தச் சொல்லைத் தேடினீர்கள், எத்தனையாவது முடிவைத் தொட்டீர்கள் என்ற செய்தி அதே நொடியில் தேடுபொறிக்கும் போய்விடுகிறது. மருத்துவம், கடன், விவாகரத்து, வேலை மாற்றம் என்று வீட்டில்கூடச் சொல்லாத விஷயங்களைத்தான் நாம் தேடல் பெட்டியில் எழுதுகிறோம். அதனால் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பாதி விளம்பரம் கொடுப்பவர்களுக்காக எழுதப்பட்டவை, மீதி புரோகிராமர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு சாதாரண ஆள் உட்கார்ந்து தன் கணக்கையும் பிரவுசரையும் சரிசெய்துகொள்ள ஒரே இடத்தில் எதுவும் இல்லை. துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே நடப்பது மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்று, நீங்கள் தட்டும் கணத்தில் தேடுபொறியின் சர்வருக்குப் போகும் செய்தி. இரண்டு, உங்கள் பெயரில் உள்ள கணக்கில் சேரும் வரலாறு. மூன்று, நீங்கள் போய்ச் சேரும் தளத்துக்குக் கிடைக்கும் தகவல். ஒன்றை நிறுத்தினால் மற்ற இரண்டும் தானாக நிற்காது. "ஹிஸ்டரியை அழித்துவிட்டேன், போதும்" என்று பலர் நிம்மதியாக இருப்பது இது தெரியாததால்தான்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும். போனில் எப்போதும் உள்ளேயே இருப்பதால் பலருக்கு அது மறந்தே போயிருக்கும். வரலாற்றை எடுக்கும்போதும் அழிக்கும்போதும் கூகுள் மறுபடி பாஸ்வேர்டு கேட்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அந்த எண்ணுள்ள போனும் பக்கத்தில் இருக்கட்டும். எண் மாறியிருந்தால் முதலில் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் அதை மாற்றுங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் கணக்கையே மீட்க வேண்டிய நிலை வந்துவிடும்.

உங்களிடம் எத்தனை கணக்குகள் உள்ளன என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் ஒன்று, அலுவலக லேப்டாப்பில் ஒன்று, பழைய ஜிமெயில் ஒன்று என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. கணினியில் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு எதுவும் இல்லை. 9ஆம் படியில் சொல்லும் ஒரு தேடுபொறிக்கு மட்டும்தான் பணம். "கூகுள் ஹிஸ்டரியை முழுசா அழித்துத் தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டாலோ ஓடிபி கேட்டாலோ கொடுக்காதீர்கள். நீங்கள் இலவசமாகச் செய்ய முடியாத எதையும் அவர்களால் செய்ய முடியாது.

2. கிளிக் எப்படிப் போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்

இதற்குக் கணினி தேவை. இல்லாதவர்கள் நேராக 3ஆம் படிக்குப் போகலாம். ஆனால் முடிந்தவர்கள் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். நான் சொல்வதை நம்புவதைவிட நேரில் பார்ப்பது நல்லது. அப்புறம் எந்த மாற்றம் பலன் தந்தது என்று சோதிக்கவும் இதே வழிதான்.

குரோமில் கூகுளைத் திறந்து ஏதாவது தேடுங்கள். உங்கள் ஊர் வானிலை போதும். முடிவுகள் வந்ததும் எஃப்12 விசையை அழுத்துங்கள். ஓரத்தில் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற டேபுக்குப் போய், 'பிரிசர்வ் லாக்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள். இந்த டிக்கை விட்டுவிட்டால் புதிய பக்கம் திறந்தவுடன் பட்டியல் காலியாகிவிடும், ஒன்றும் தெரியாது. பலர் இங்கேதான் "எதுவுமே வரலையே" என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு முடிவைத் தட்டுங்கள். பட்டியலில் 'டைப்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 'பிங்' என்று ஒரு வரி இருக்கும். (மைக்ரோசாஃப்டின் தேடுபொறியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை இந்தக் கட்டுரையில் 'மைக்ரோசாஃப்ட் பிங்' என்றே எழுதுகிறேன்.) ஒரு லிங்கைத் தட்டும்போது வேறொரு முகவரிக்கும் சத்தமில்லாமல் தகவல் சொல்லும் வசதி, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது. அந்த வரியைத் திறந்து 'ஹெடர்ஸ்' என்ற தலைப்புத் தகவல்களைப் பாருங்கள். 'பிங்-டூ' என்ற இடத்தில் நீங்கள் போகும் தளத்தின் முகவரியும், 'பிங்-ஃப்ரம்' என்ற இடத்தில் நீங்கள் இருந்த தேடல் பக்கத்தின் முகவரியும் இருக்கும். தேடல் பக்க முகவரிக்குள் நீங்கள் தேடிய சொல்லே இருக்கிறது. அதோடு உங்கள் குக்கீயும் (உங்களை அடையாளம் காண ஒரு தளம் உங்கள் பிரவுசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு) சேர்ந்து போகிறது. இதைத் தவிர உங்களை அடையாளம் காண வேறென்ன வேண்டும்?

கூகுளுக்குப் போகும் அந்த முகவரியில் 'வெட்' என்ற மூன்றெழுத்துக் குறியை அடுத்து ஒரு நீண்ட எழுத்துக் குவியல் இருக்கும். பக்கத்தில் எந்த இடத்தில் இருந்த எந்த வகை லிங்கைத் தொட்டீர்கள் என்பது அதில் அடக்கி எழுதப்பட்டிருக்கிறது.

எல்லா பிரவுசரும் இப்படி பிங் அனுப்பாது. அனுப்பாத இடங்களில் தேடுபொறிகள் பழைய முறையைக் கையாளலாம். அதாவது லிங்க் உங்களை நேராகத் தளத்துக்கு அனுப்பாமல், முதலில் தேடுபொறியின் முகவரி ஒன்றுக்கு அனுப்பி, அங்கே பதிவு செய்துவிட்டுப் பிறகு தளத்துக்குத் திருப்பிவிடும். யாராவது வாட்ஸ்அப்பில் 'கூகுள்.காம்/யூஆர்எல்' என்று தொடங்கும் முழ நீளமான லிங்க் அனுப்பியிருப்பார்களே, அது இதுதான். தேடல் முடிவிலிருந்தே லிங்கை காப்பி செய்ததால் வந்தது. தமிழ்ப் பக்கம் என்றால் இன்னும் நீளும். ஒரு தமிழ் எழுத்துக் குறி முகவரியில் 3 பைட்டாக, சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக மாறுகிறது. அதை இன்னொரு முகவரிக்குள் மடித்து வைக்கும்போது அந்தச் சதவீதக் குறிகளே மறுபடி மாற்றி எழுதப்பட்டு மேலும் வீங்கும். எனவே யாருக்காவது அனுப்புவதென்றால் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து காப்பி செய்யுங்கள்.

மைக்ரோசாஃப்ட் பிங்கில் இந்தத் திருப்பிவிடும் முறை வெளிப்படையாகவே தெரியும். ஒரு முடிவின் லிங்கை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'பிங்.காம்/சிகே/ஏ' என்று தொடங்கும். போக வேண்டிய தளத்தின் பெயரை அதில் எங்கு தேடினாலும் கிடைக்காது, பேஸ்64 என்ற முறையில் மாற்றி எழுதியிருப்பார்கள். யாஹூவிலும் திருப்பிவிடல்தான், ஆனால் அங்கே போகும் முகவரியைக் கண்ணால் ஓரளவு படிக்க முடியும்.

'ஜென்_204' என்று தொடங்கும் வரிகளும் கூகுள் பட்டியலில் வந்துபோகும். பக்கத்தில் நடப்பதை அறிவிக்கும் சின்னச் செய்திகள் அவை. 204 என்றால் 'கிடைத்தது, பதிலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை' என்று பொருள். பேக் பொத்தானை அழுத்தி முடிவுகளுக்குத் திரும்பி வந்து பாருங்கள், புதிதாக என்னென்ன வரிகள் சேர்கின்றன என்று தெரியும்.

இதையெல்லாம் எதற்காகச் சேர்க்கிறார்கள் என்றால், விளம்பரத்துக்காக மட்டும் இல்லை. எந்த முடிவு மேலே வர வேண்டும் என்று முடிவுசெய்யவும் கிளிக்குகள் பயன்படுகின்றன. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 'நாவ்பூஸ்ட்' என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். அது கடந்த 13 மாதக் கிளிக் தரவை வைத்து இயங்குகிறது. அதனால் கிளிக்கைப் பதிவு செய்வதையே அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் பெயரோடு அது ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

3. உங்கள் கணக்கில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

பிரவுசரில் 'மைஆக்டிவிட்டி.கூகுள்.காம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் போங்கள். தேதி வாரியாக வரிசை வரும். மேலே உள்ள ஃபில்டரில் 'சர்ச்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் யூடியூப், மேப்ஸ் எல்லாம் கலந்து வந்து தலை சுற்றும்.

இரண்டு வகை வரிகள் இருக்கும். 'சர்ச்ட் ஃபார்' என்பது நீங்கள் தேடியது. 'விசிட்டட்' என்பது நீங்கள் தட்டிப் போன முடிவு. கிளிக் பதிவு என்பது இந்த இரண்டாவது வகை. ஒரு வரியின் விவரத்தைத் திறந்தால் நேரமும், எந்த வகைக் கருவி என்பதும் தெரியும். ஒரு பழைய மாதத்துக்குப் போய்ப் பாருங்கள். தேடியதும் போனதும் சேர்ந்து அந்த மாதத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்றே சொல்லிவிடும்.

4. அழிக்கும் முன் ஒரு பிரதி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

அழித்தால் திரும்பக் கிடைக்காது. எப்போதோ படித்த ஒரு கட்டுரையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கலாம் என்று நினைப்பவர்கள் 'டேக்அவுட்.கூகுள்.காம்' போய்ப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உள்ளே போனவுடன் எல்லா சேவைகளுக்கும் டிக் போட்டே இருக்கும். அப்படியே விட்டால் போட்டோ, மெயில், டிரைவ் எல்லாம் சேர்ந்து பல ஜிபி கணக்கில் வரும். மேலே 'டீசெலக்ட் ஆல்' அழுத்திவிட்டு, கீழே போய் 'மை ஆக்டிவிட்டி'யை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குள்ளும் 'சர்ச்' மட்டும் போதும். வடிவம் கேட்டால் எச்டிஎம்எல் என்று கொடுங்கள், பிரவுசரிலேயே திறந்து படிக்கலாம். ஜேசன் வடிவம் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு.

தயாராவதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். மெயிலில் லிங்க் வரும். அது சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், அதனால் மெயிலைப் பார்த்ததும் இறக்கிவிடுங்கள். 'டிரைவில் சேர்' என்று கொடுத்தால் உங்கள் இலவச 15 ஜிபியிலிருந்து இடம் போகும். இறக்கிய கோப்பைப் பொதுக் கணினியில் வைக்காதீர்கள். கூகுளிடம் இருந்ததைவிட அது உங்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் இருப்பது ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ வசிக்கும் நம் மக்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி உங்களைப் பற்றிய தரவின் பிரதியை எந்த நிறுவனத்திடமும் எழுதிக் கேட்கலாம். பொதுவாகக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்பதை உறுதிசெய்யச் சொல்வார்கள்.

5. அழியுங்கள், இனிச் சேராமல் நிறுத்துங்கள்

இது இரண்டு வேலை. சேர்வதை நிறுத்தினால் பழையது அழியாது. பழையதை அழித்தால் புதியது சேர்வது நிற்காது.

மை ஆக்டிவிட்டி பக்கத்திலேயே 'டெலீட்' என்று இருக்கும். கடைசி ஒரு மணி நேரம், கடைசி ஒரு நாள், எல்லாமே, அல்லது நீங்கள் சொல்லும் தேதிகளுக்கு இடையில் என்று தேர்ந்தெடுக்கலாம். அடுத்து 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற அமைப்புக்குப் போங்கள். 'டர்ன் ஆஃப்' அழுத்தும்போது பழையதையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு தேர்வு வரும்.

முழுவதும் நிறுத்த மனமில்லை என்றால் தானாக அழியும்படி வைக்கலாம். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று தேர்வுகள். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் 18 மாதம் என்பதே இயல்பாக இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள். நீங்களாக மாற்றாதவரை அதில் எல்லாமே அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால் 3 மாதம் போதும்.

அதே பக்கத்தில் குரோம் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, தேடலுக்கு வெளியே நீங்கள் போகும் தளங்களும் இந்தக் கணக்கில் வந்து சேரலாம்.

அழித்தவுடன் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் சர்வர்களிலிருந்து முழுமையாக நீங்கப் பொதுவாக 2 மாதம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. காப்புப் பிரதிகளில் 6 மாதம்வரை தங்கலாம். அதற்குப் பிறகும், நீங்கள் ஏதோ ஒன்றைத் தேடினீர்கள் என்ற குறிப்பு இருக்கலாம், எதைத் தேடினீர்கள் என்பது இருக்காது.

இங்கே இருக்கும் மிகப் பெரிய குழப்பம் குரோமின் ஹிஸ்டரி. குரோமில் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' கொடுத்தால் அழிவது உங்கள் பிரவுசரில் உள்ள பட்டியல். மை ஆக்டிவிட்டியில் உள்ள தேடலும் கிளிக்கும் அப்படியே இருக்கும். இரண்டு இடத்திலும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

போனில் கூகுள் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வசதி: மேலே உங்கள் படத்தைத் தட்டினால் கடைசி 15 நிமிடத்தை மட்டும் அழிக்கும் தேர்வு வரும். அவசரத்துக்கு நல்லது.

மைக்ரோசாஃப்ட் பிங் பயன்படுத்துபவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பிரைவசி பக்கத்தில் 'சர்ச் ஹிஸ்டரி' என்பதைத் திறந்து அழிக்கலாம். நான் மைக்ரோசாஃப்ட் பிங் பயன்படுத்துவதே இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் அடித்துத் தேடும்போது இணைய முடிவுகள் வருகின்றன அல்லவா, அவை அங்கிருந்துதான் வருகின்றன.

6. லாக்-இன் செய்யாமல் தேடினால் தப்பித்துவிட்டோமா?

இல்லை. கணக்கில் சேராது, அவ்வளவுதான். 2ஆம் படியில் பார்த்த பிங் செய்தி அப்போதும் போகும். உங்கள் பெயருக்குப் பதில் குக்கீயும் ஐபி முகவரியும் (உங்கள் இணைய இணைப்பின் எண்) இருக்கும். குரோமின் மறைவு ஜன்னலான இன்காக்னிடோவும் அப்படியே. ஜன்னலை மூடியதும் அந்தக் குக்கீ அழிந்துவிடுவது ஒரு நன்மை, ஆனால் அந்த ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் செய்யும் தேடல்களும் கிளிக்குகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படக்கூடியவை. இன்காக்னிடோவுக்குள் போய் ஜிமெயிலைத் திறந்தால் கணக்கோடும் சேர்ந்துவிடும். இதை நிறையப் பேர் செய்கிறார்கள்.

லாக்-இன் இல்லாத நிலையில் கூகுள் முகப்பின் கீழே 'செட்டிங்ஸ்' தட்டி, 'யுவர் டேட்டா இன் சர்ச்' போனால், இந்த பிரவுசரில் தேடியதை வைத்து முடிவுகளை மாற்றுவதை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். குக்கீகளை அழித்தால் இந்தத் தேர்வும் சேர்ந்து அழிந்துவிடும், மறுபடி அணைக்க வேண்டும்.

சர்வர் பதிவுகள் எவ்வளவு காலம் இருக்கும் என்றும் கேட்பீர்கள். விளம்பரம் சார்ந்த பதிவுகளில் ஐபி முகவரியின் ஒரு பகுதியை 9 மாதத்திலும், குக்கீ தகவலை 18 மாதத்திலும் நீக்குவதாகக் கூகுள் அறிவித்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பிங் ஐபி முழுவதையும் 6 மாதத்தில், குக்கீ அடையாளங்களை 18 மாதத்தில் நீக்குவதாகச் சொல்கிறது. நீங்கள் இதை முடுக்கிவிடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

7. 'ஸ்பான்சர்டு' என்று போட்டதைத் தட்டும் முன் யோசியுங்கள்

சாதாரண முடிவைத் தட்டிப் போனால், அந்தத் தளத்துக்கு நீங்கள் கூகுளிலிருந்து வந்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். என்ன தேடினீர்கள் என்பது தெரியாது, தேடல் சொல்லை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

விளம்பரம் அப்படி இல்லை. மேலே 'ஸ்பான்சர்டு' என்று சிறிதாகப் போட்டிருக்கும் முடிவைத் தட்டினால், முதலில் விளம்பரக் கணக்குக்கான முகவரி ஒன்றைத் தாண்டித்தான் போவீர்கள். விளம்பரதாரரிடம் காசு வாங்குவதற்கு அந்தக் கிளிக் எண்ணப்பட வேண்டுமே. போய்ச் சேர்ந்ததும் முகவரிப் பட்டையின் வாலைப் பாருங்கள். 'ஜிகிளிட்' என்ற சொல்லும் அதன் பின்னால் நீண்ட எழுத்துக் கோவையும் ஒட்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட் விளம்பரம் என்றால் 'எம்எஸ்சிஎல்கேஐடி'. உங்களுடைய அந்த ஒரு கிளிக்குக்கு மட்டுமான அடையாள எண் அது.

அந்தத் தளம் இந்த எண்ணை ஒரு குக்கீயில் எழுதிவைத்துக்கொள்ளும். கூகுளின் வழக்கமான அமைப்பில் அது 90 நாள் இருக்கும். இன்று பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதம் கழித்து அதே தளத்தில் பொருள் வாங்கினால், அந்த விற்பனை இந்தக் கிளிக்கோடு சேர்த்துக் கணக்கிடப்படலாம். எந்தச் சொல்லுக்காகப் போட்ட விளம்பரம் வழியாக நீங்கள் வந்தீர்கள் என்பதையும் விளம்பரதாரர் முகவரியிலேயே சேர்த்து வாங்கிக்கொள்ள முடியும். இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. ஒரு நோயின் பெயரைத் தேடி, மேலே வந்த மருத்துவமனை விளம்பரத்தைத் தட்டி, அங்கே உள்ள படிவத்தில் பெயரும் போன் எண்ணும் கொடுத்தீர்கள் என்றால், எந்தச் சொல்லுக்கான விளம்பரம் என்பதும் உங்கள் போன் எண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட வழி இருக்கிறது. உடனடிக் கடன், குழந்தையின்மை சிகிச்சை, வழக்கறிஞர் என்று எதற்கும் இதே கதைதான்.

எனவே செய்ய வேண்டியது:

- விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போங்கள். பெரும்பாலும் அதே நிறுவனம் சாதாரண முடிவாகவும் கீழே இருக்கும்.
- பெயர் தெரிந்த வங்கி, அரசுத் தளம் என்றால் தேடவே வேண்டாம், முகவரியை நேராக அடியுங்கள். போலித் தளங்கள் விளம்பரம் வழியாக வரும் ஆபத்தும் இதனால் குறையும்.
- தட்டியே விட்டீர்கள் என்றால், படிவம் நிரப்பும் முன் அந்த டேபை மூடி, அந்தத் தளத்தின் குக்கீகளை அழித்துவிட்டு நேராகப் போங்கள். வாலை மட்டும் வெட்டினால் போதாது. பக்கம் ஒரு தடவை திறந்ததுமே குக்கீ எழுதப்பட்டிருக்கும்.
- விளம்பரம் வழியாக வந்த லிங்கை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிப் பாருங்கள், பக்கம் சரியாகத் திறந்தால் அதை அனுப்புங்கள்.

8. பிரவுசரில் மாற்ற வேண்டியவை

குரோமும் சஃபாரியும் பிங் செய்தியை அனுப்புகின்றன, நிறுத்துவதற்குச் சாதாரண அமைப்பு எதுவும் இல்லை. முன்பு குரோமில் மறைவாக ஒரு சுவிட்ச் இருந்தது, 2019 வாக்கில் எடுத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைப் பார்த்து அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் பிங் இயல்பாகவே அணைந்திருக்கிறது. பிரேவ் பிரவுசரிலும் அப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸோடு 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இலவச நீட்சியை (பிரவுசரோடு இணைக்கும் சிறு செயலி) சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்ட்ராய்டு போனிலும் அது ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்யும். இதே பெயரைப் போன்ற போலிகள் உண்டு, ஃபயர்ஃபாக்ஸின் நீட்சிப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 120 முதல், லிங்கின் மேல் ரைட் கிளிக் செய்தால் கண்காணிப்பு வாலை வெட்டி காப்பி செய்யும் தேர்வும் இருக்கிறது. ஐபோன்காரர்களுக்கு ஐஓஎஸ் 17 முதல் சஃபாரியின் பிரைவேட் டேபில் ஜிகிளிட் போன்ற வால்கள் தானாக நீக்கப்படுகின்றன.

மாற்றிய பிறகு 2ஆம் படியை மறுபடி செய்து பாருங்கள். பிங் வரி போயிருக்கும். ஆனால் திருப்பிவிடல் வழியாகவோ வேறு சின்னச் செய்தி வழியாகவோ கிளிக் இன்னும் போகலாம். ஒரு தேடுபொறி தன் பக்கத்திலேயே எண்ண நினைத்தால் பிரவுசரால் முழுதாகத் தடுக்க முடியாது. அதற்குத்தான் அடுத்த படி.

9. தேடுபொறியை மாற்றிப் பாருங்கள்

டக்டக்கோ இலவசம். தேடலை உங்கள் பெயரில் சேர்ப்பதில்லை என்பது அதன் கொள்கை. கவனிக்க வேண்டியது ஒன்று: அதில் வரும் விளம்பரங்கள் மைக்ரோசாஃப்டிடமிருந்து வருபவை. விளம்பரத்தைத் தட்டினால் அந்தக் கிளிக் மைக்ரோசாஃப்டின் விளம்பரச் சர்வர் வழியாகப் போகும். ஸ்டார்ட்பேஜ் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்தது, கூகுளிடமிருந்து முடிவுகளை வாங்கி உங்கள் அடையாளத்தை மறைத்துத் தருகிறது. காகி என்பது விளம்பரமே இல்லாத, காசு கட்டிப் பயன்படுத்தும் தேடுபொறி. மாதம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு வரம்பில்லை. முதல் 100 தேடல் இலவசம் என்பதால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பணம் கட்டுவதென்றால் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும்.

தமிழில் தேடும்போது கூகுள் அளவுக்கு மற்றவற்றில் முடிவுகள் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்வது இதுதான்: வழக்கமான தேடலுக்கு டக்டக்கோ, அதில் கிடைக்காத தமிழ் விஷயங்களுக்கு மட்டும் லாக்-இன் இல்லாத கூகுள். உடல்நலம், பணம் சம்பந்தப்பட்டதை எக்காரணம் கொண்டும் லாக்-இன் செய்த ஜன்னலில் தேடுவதில்லை.

10. மற்றவர் கணினி, பொதுக் கணினி

பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஒரு சான்றிதழை பிரிண்ட் எடுக்க ஜிமெயிலைத் திறந்துவிட்டு அப்படியே வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கணினியில் யார் எதைத் தேடி எதைத் தட்டினாலும் உங்கள் கணக்கில்தான் சேரும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தேடல்கள் மை ஆக்டிவிட்டியில் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி', அதில் 'யுவர் டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத கருவியைத் தட்டி 'சைன் அவுட்' கொடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பட்டியலில் பழைய போன்கள் இருந்தால் அவற்றையும் வெளியேற்றுங்கள், குறிப்பாக நீங்கள் விற்றுவிட்ட அல்லது எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன்களை. அப்புறம் மை ஆக்டிவிட்டிக்குப் போய் அந்தக் கடைக்குப் போன தேதியைத் தேர்ந்தெடுத்து, அன்று முதல் சேர்ந்ததை மட்டும் அழியுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிரிண்ட் எடுக்க வேண்டிய கோப்பைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால், அங்கே லாக்-இன் செய்யவே தேவையிருக்காது.